நல்லார், தீயார், நொதுமலர்: ஒரு மேசை விளையாட்டின் அறக்கணக்கு

ஆண்டுதோறும் நமது சங்க மலருக்குச் சமணப் பள்ளிகள், கல்வெட்டுகள், பழைய முகத்தலளவைகள் என்று ஏதேனும் ஒன்றை எழுதிக் கொடுப்பது என் வழக்கம். படித்தவர்கள் பாராட்டுவார்கள்; படிக்காதவர்கள் அதைவிட அதிகமாகப் பாராட்டுவார்கள். சென்ற ஆண்டு விழாப் பந்தியில் ஓர் இளைஞர், "ஐயா, எங்க வயசுக்காரங்களுக்கும் ஏதாவது எழுதுங்களேன்" என்று கேட்டார். அதற்குப் பதிலாகவே இக்கட்டுரை. பொருள் விளையாட்டு. ஆனால் விளையாட்டாக எழுதப்பட்டதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அடியேன் வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தைச் சேர்ந்தவன். புனேயில் அரிசி வியாபாரம். ஆரணிப் பொன்னியும் இட்லி அரிசியும் இங்குள்ள நம்மவர் வீடுகளுக்குப் போய்ச் சேர்வதில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. தமிழ் பேசும் ஜைனர் என்றால் இன்னமும் இங்கே சிலர் வியப்பாகப் பார்ப்பார்கள். அது வேறு கதை.

என் மகள் வயிற்றுப் பேரனுக்குப் பதினைந்து வயது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அவனுடைய நண்பர்கள் நால்வர் எங்கள் கூடத்தில் கூடுவார்கள். மேசைமேல் காகிதம், பென்சில், விதவிதமான தாயக்கட்டைகள். நான்கு முகம், எட்டு முகம், இருபது முகம் உள்ளவைகூட உண்டு. பலகை என்று ஒன்று இருக்காது; இருந்தாலும் அது வெறும் கட்டம் போட்ட தாள்தான். ஒருவன் கதை நடத்துநன். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, "நான் கதவைத் தள்ளுகிறேன்", "நான் அவனிடம் பேசிப் பார்க்கிறேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னது நடக்குமா என்பதைத் தாயம் தீர்மானிக்கும். விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். பாதாள அறைகளும் பறவைநாகங்களும் என்று நான் எனக்குள் மொழிபெயர்த்துக்கொண்டேன். பேரன்தான் நடத்துநன்.

மழைக்காலத்தில் ஒரு நாள் பெரும் சச்சரவு. என்ன என்று எட்டிப் பார்த்தேன். கதையில் கோப்ளின் என்னும் குட்டி அரக்கன் ஒருவன் ஆயுதத்தைப் போட்டுவிட்டுச் சரணடைந்திருக்கிறான். ஒரு பையன் புத்தகத்தை விரித்துக் காட்டி, "இதிலேயே போட்டிருக்கு, இது தீய இனம். கொன்னுடலாம், பாவம் கிடையாது" என்கிறான். ஒரு பெண் பிள்ளை, "சரணடைஞ்சவனை எப்படிடா கொல்றது?" என்று எழுந்தே நின்றுவிட்டாள். பேரன் என்னைப் பார்த்தான். "தாத்தா, நீங்களே சொல்லுங்க."

நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டேன். அதுதான் தொடக்கம். அதன்பின் பல மாதங்கள் அந்த விளையாட்டின் பழைய விதிநூல்களைப் பற்றியும், அதை உண்டாக்கியவர்களைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கணக்குப் பிள்ளை புத்தி எனக்கு. ஒரு பதிவைப் பார்த்தால் அது முதலில் எந்த நாள்வழியில் ஏறியது என்று தேடாமல் இருக்க முடியாது.

இவ்விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்திற்கும், ஒவ்வொரு அரக்கனுக்கும் ஓர் அறக்குறி உண்டு. அலைன்மெண்ட் என்பார்கள். நான் அதனை நெறிச்சார்பு என்று குறிக்கிறேன். இரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகள். முதல் கேள்வி, இவன் முறைப்படி நடப்பவனா, தன்போக்கில் நடப்பவனா, இரண்டிலும் சேராதவனா? இரண்டாவது, நல்லவனா, தீயவனா, இரண்டிலும் சேராதவனா? பெருக்கினால் ஒன்பது கட்டங்கள்.

இரண்டிலும் சேராதவனைத் தமிழில் நடுநிலையாளன் என்று சொல்லத்தான் முதலில் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் அது பொருந்தாது. வள்ளுவர் சொல்லும் நடுவுநிலைமை உயர்ந்த அறம். தராசு முள் போன்றது. இங்கே சொல்லப்படுவதோ எந்தப் பக்கமும் இல்லாமை. பரிமேலழகர் அந்த அதிகாரத்து உரையிலேயே பகைக்கும் நட்புக்கும் இடையில் இருப்பவரைச் சுட்ட நொதுமல் என்ற சொல்லை எடுத்தாள்கிறார். அச்சொல் இதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. அதையே வைத்துக்கொண்டேன்.

இனி வரலாறு. 1971இல் அமெரிக்காவில் செயின்மெயில் என்றொரு போர் விளையாட்டு நூல் வெளியாயிற்று. சிறு உருவப் பொம்மைகளை மேசையில் அணிவகுத்துப் போர் நடத்தும் விளையாட்டு அது. ஆசிரியர்கள் கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெர்ரென். அந்நூலின் பின்பகுதியில் மந்திரவாதி, அரக்கன், பறவைநாகம் முதலிய கற்பனைப் படைகளுக்கான பகுதி உண்டு. அங்கேதான் உயிரினங்களை முறைப் பக்கம், நொதுமல் பக்கம், குழப்பத்தின் பக்கம் என்று மூன்றாகப் பிரித்து ஒரு பட்டியல் போட்டார்கள். எதற்காக? யார் யார் ஒரே படையில் நிற்கலாம் என்று தெரிவதற்காக. அவ்வளவுதான். அறவிசாரணை எதுவும் அதில் இல்லை. மண்டியில் பச்சரிசி இந்தப் பக்கம், புழுங்கல் அந்தப் பக்கம் என்று அடுக்குவதைப் போன்ற ஒரு சரக்குப் பட்டியல்.

விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூர்க்காரர் கைகாக்ஸ். காப்பீட்டுத் தொழிலில் வேலை பார்த்தவர். பிறகு செருப்புத் தைத்தும் பிழைத்தவர். மினசோட்டாக்காரரான டேவ் ஆர்னெசன் என்பவர், படையை நடத்துவதை விட்டு ஒருவர் ஒரே ஒரு வீரனாக இருந்து கதைக்குள் நுழையும் முறையைத் தம் நண்பர்களோடு ஆடிப் பார்த்திருந்தார். இருவரும் சேர்ந்து 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டனர். முதலில் அச்சிட்டது 1000 பெட்டிகள். பெட்டிக்கு 10 டாலர். (முதல் போட்டுத் தொழில் தொடங்கியவர்களுக்கு அந்த ஆயிரத்தின் கவலை புரியும்.)

முறையும் குழப்பமும் போரிடும் உலகம் என்ற கற்பனை இவர்களுடைய சொந்தச் சரக்கன்று. பால் ஆண்டர்சன் எழுதிய 'திரீ ஹார்ட்ஸ் அண்ட் திரீ லயன்ஸ்' என்ற நாவலிலும், இங்கிலாந்துக்காரரான மைக்கேல் மூர்காக் எழுதிய எல்ரிக் கதைகளிலும் அது இருக்கிறது. தமக்கு ஊக்கம் தந்த ஆசிரியர்களைக் கைகாக்ஸே பின்னாளில், 1979இல், ஒரு பட்டியலாக அச்சிட்டார். அதில் இவ்விருவரும் உண்டு. வாங்கின இடத்தை ஒளிக்காத வியாபாரி என்று மதிக்கத் தோன்றுகிறது.

படையணிப் பட்டியல் தனி மனிதனுடைய குறிப்பேட்டில் ஏறியதும் சிக்கல் பிறந்தது. பட்டாளத்தில் எந்தப் பக்கம் நிற்கிறாய் என்பது ஒரு கேள்வி. நீ எப்படிப்பட்டவன் என்பது வேறு கேள்வி. 1974இன் நூலில் மூன்றே சொற்கள்தாம் இருந்தன. ஆடியவர்கள் முறை என்றால் நன்மை, குழப்பம் என்றால் தீமை என்று எடுத்துக்கொண்டார்கள். அது தவறு என்று கைகாக்ஸுக்கே பட்டிருக்க வேண்டும். 1976 பிப்ரவரியில் 'தி ஸ்டிராடஜிக் ரிவ்யூ' என்ற தங்கள் இதழில் ஒரு கட்டுரை எழுதி, முறை–குழப்பம் ஓர் அச்சு, நன்மை–தீமை இன்னோர் அச்சு என்று பிரித்தார். 1977இன் தொடக்கநிலைப் பெட்டியில் ஐந்து சார்புகள். 1978இன் ஆட்டக்காரர் கையேட்டில் ஒன்பதும் வந்துவிட்டன.

இந்தப் பிரிப்பைச் சாமானியமாக நினைக்க வேண்டாம். நாற்பதாண்டு மண்டியில் உட்கார்ந்தவன் சொல்கிறேன். தவணை நாளன்று பொழுது சாய்வதற்குள் பணம் கட்டுபவர், எடையில் ஒரு கிராம் கூடினாலும் திருப்பித் தருபவர்: இவர் முறையும் நன்மையும். பசியென்று வந்தவனுக்குக் கணக்கில் எழுதாமல் இரண்டு படி அள்ளிக் கொடுத்துவிட்டு, நமக்குத் தர வேண்டியதை மூன்று மாதம் இழுத்தடிப்பவர் தன்போக்கும் நன்மையும். அவரோடு சண்டையும் போட முடியாது, கணக்கும் முடிக்க முடியாது. இனி, முத்திரைத்தாளில் எழுதினபடியே, ஒரு எழுத்து பிசகாமல், விதவையின் வீட்டை ஏலத்திற்குக் கொண்டுவருபவர் இருக்கிறாரே, அவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. அவர் முறையும் தீமையும். ஒரே அச்சில் அளந்தால் இவரை நல்லவர் பட்டியலில் அல்லவா சேர்க்க வேண்டியிருக்கும்? பிள்ளைகள் ஒன்பது கட்டம் போட்டு விளையாடும்போது, சட்டப்படி நடப்பது வேறு, நல்லபடி நடப்பது வேறு என்பதைக் கையால் தொட்டுப் பார்க்கிறார்கள். நான் இதை நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன்.

அக்கால விதிகள் கடுமையானவை. 1978இன் கையேட்டின் பின்னிணைப்பில் நெறிச்சார்பைக் குறிக்க ஒரு வரைபடமே உண்டு. பாத்திரத்தின் நடத்தையைப் பார்த்து அதில் குறித்துக்கொண்டே வரலாம். சார்பு மாறினால் பாத்திரம் ஒரு படி இறங்கிவிடும். பாடுபட்டு ஏறின படி போச்சு. பாலடின் என்னும் அறவீரன் முறையும் நன்மையுமாகவே இருந்தாக வேண்டும். தவறினால் அவனுக்குரிய ஆற்றல்கள் போய்விடும். ஒவ்வொரு சார்புக்கும் ஒரு ரகசிய மொழி வேறு உண்டாம்! இதைப் படித்தபோது எனக்குச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவது ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். பிற்காலப் பதிப்புகளில் அந்த மொழியைக் கைவிட்டுவிட்டார்கள். நல்ல காரியம்.

படி ஏறுவது, இறங்குவது என்றதும் நம்மவர்க்குப் பரமபதம் நினைவுக்கு வரும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க ஆடுவது. அதன் உறவுக்காரப் பலகைகள் வடநாட்டில் ஞான சௌபர் என்ற பெயரில் உண்டு. ஜைனப் பலகைகளில் பெரும்பாலும் 84 கட்டங்கள். நல்வினையில் ஏணி, தீவினையில் பாம்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குப் போய் வெறும் பாம்பும் ஏணியுமாகத் திரும்பி வந்தது. அறக்குறியை விளையாட்டில் வைப்பது நமக்குப் புதிதன்று என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் பேரன் ஒரு கேள்வியில் என்னை நிறுத்திவிட்டான். "பரமபதத்துல நான் எதையுமே தேர்ந்தெடுக்கலையே தாத்தா? தாயம் விழுந்தா நான் பொறாமைக்காரன், இன்னொண்ணு விழுந்தா நான் தானம் பண்றவன்."

சரியான கேள்வி. பரமபதத்தில் செயலைத் தாயம் செய்கிறது. பலன் நம் தலையில். இவர்கள் விளையாட்டில் செயலை ஆடுபவன் செய்கிறான். அது பலிக்குமா பலிக்காதா என்பதை மட்டும் தாயம் சொல்கிறது. ஒருவனைக் காப்பாற்றப் பாய்ந்து, இருபது முகக் கட்டையில் ஒன்று விழுந்து, தவறிப்போனால் நோக்கம் அவனுடையதாகவே நிற்கிறது. நோக்கம் கையில், பலன் கையில் இல்லை. வினைக்கொள்கை படித்த எவருக்கும் இது அந்நியமாகப் படாது. அறக்குறிக்கு இங்கேதான் அர்த்தமும் வருகிறது. தேர்வு இல்லாத இடத்தில் குறி எதற்கு?

பரமபதத்தைவிட நெருங்கிய உறவு ஒன்று ஜைன நூல்களில் இருக்கிறது. இலேசியை என்பார்கள். உயிரின் மேல் படியும் நிறம். கருமை, நீலம், புறா நிறம், மஞ்சள், தாமரை நிறம், வெண்மை என ஆறு. விளக்கக் கதையும் உண்டு. ஆறு பேர் பசியோடு ஒரு பழமரத்தை அடைகிறார்கள். ஒருவன் வேரோடு வெட்டலாம் என்கிறான். அடுத்தவன் அடிமரத்தை, மூன்றாமவன் பெரிய கிளைகளை, நான்காமவன் சிறு கொம்புகளை வெட்டச் சொல்கிறான். ஐந்தாமவன் பழத்தை மட்டும் பறிப்போம் என்கிறான். ஆறாமவன், கீழே விழுந்து கிடப்பதே போதுமே என்கிறான். சிரவணபெளகொளா மடத்துச் சுவரோவியத்தில் இந்த மரத்தைக் காணலாம். குடும்பத்தோடு கோமடேசுவரரைத் தரிசிக்கப் போகிறவர்கள் மலையிலிருந்து இறங்கியதும் மடத்திற்குள்ளும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

இதிலே கவனிக்க வேண்டியது, ஆறு பேருக்கும் பசி ஒன்றுதான், பழமும் ஒன்றுதான். நீ எந்தக் கட்சி என்று இலேசியை கேட்பதில்லை. உன் பசி தீர எவ்வளவு அழிப்பாய் என்று கேட்கிறது. மேலும், அது நிலையான பச்சைகுத்து அன்று. நினைப்பு மாறினால் நிறம் மாறும். குணஸ்தானம் என்னும் பதினான்கு படிகளும் அப்படியே. பதினோராம் படிவரை ஏறினவரும் அங்கிருந்து கீழே விழுந்தே தீர வேண்டும் என்கிறது சாஸ்திரம். அங்கே மோகம் அடங்கியிருக்கிறதே தவிர அழியவில்லை. அவ்வளவு உயரத்திலும் குறி நிரந்தரமில்லை.

சரி, இந்த விளையாட்டில் நெறிச்சார்பு எதற்குப் பயன்படுகிறது? நடத்துநனுக்கு முதலில். ஓர் ஊர் முழுவதையும் அவன் ஒருவனே பேசி நடிக்க வேண்டும். காவல்காரன், சத்திரக்காரி, திருடன் எல்லாம் அவனே. முறையும் தீமையும் என்று இரண்டு சொல் எழுதிவைத்தால், அந்தக் காவல்காரன் லஞ்சம் வாங்கமாட்டான், ஆனால் இரங்கவும் மாட்டான் என்பது சட்டென்று பிடிபடும். ஆடுபவனுக்கு அது ஒரு வாக்குறுதி. முதல் நாளே இன்னபடி நடப்பேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, புதையலைக் கண்டதும் மாறினால் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கேட்பார்கள். கேட்கிறார்கள், நான் கேட்டிருக்கிறேன்.

கெடுதலும் உண்டு. எங்கள் கூடத்திலேயே ஒரு பையன் கூட்டாளிகளின் பையிலிருந்து தங்கக் காசைத் திருடிவிட்டு, "நான் தன்போக்கு நொதுமல், என் பாத்திரம் அப்படித்தான்" என்றான். பிழைக்குப் பெயர் சூட்டிவிட்டால் பிழை இல்லாமல் போய்விடுமா? கணக்கில் 'இதர செலவு' என்ற தலைப்பு இருக்கிறதே, அது போல.

அதைவிடப் பெரிய கெடுதல் தீமையைக் கண்டறியும் ஆற்றல். 1978இன் விதிப்படி பாலடின் 60 அடிக்குள் தீமை இருந்தால் உணர்ந்துவிடுவான். விசாரணை வேண்டாம், சாட்சி வேண்டாம். இந்த விதியைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தை எழுதுவதா வேண்டாமா என்று பலமுறை யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

என் தந்தையாரிடம் ஒரு சின்னக் குறிப்பேடு இருந்தது. கடன் வாங்குவோர் பெயருக்கு எதிரே புள்ளி, கோடு, வட்டம் என்று பென்சிலில் குறி போட்டிருப்பார். வருஷா வருஷம் புதுக் கணக்கன்று அதை எடுத்து ரப்பரால் அழித்துவிட்டு மறுபடி போடுவார். எதற்கு இந்த வீண் வேலை என்று நான் நினைப்பேன். நான் தனியாக வியாபாரம் தொடங்கியபோது அதே முறையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் பேனாவில் எழுதினேன்.

1990களின் நடுவில் கடையில் ஒரு பையன் வேலைக்கு இருந்தான். சேர்ந்த புதிதில் இரண்டு கிலோ அரிசியைச் சொல்லாமல் வீட்டுக்கு எடுத்துப் போனான். கேட்டதும் ஒப்புக்கொண்டான்; சம்பளத்தில் பிடித்துக்கொண்டேன். குறிப்பேட்டில் 'கை நீளம்' என்று எழுதினேன். இரண்டு வருஷம் கழித்து ஒரு தீபாவளி நெருக்கத்தில் பெட்டியில் 3,400 ரூபாய் குறைந்தது. குறிப்பேட்டைத் திறந்தேன், மூடினேன். பையனை அன்றே அனுப்பிவிட்டேன். அவன் "முதலாளி, நான் எடுக்கல" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னான். மார்ச் மாதம் ஆண்டுக் கணக்கு முடிக்கையில் லாரி வாடகை ரசீது ஒன்று வேறொரு கட்டிலிருந்து வந்தது. நானே என் கையால் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்து, நாள்வழியில் எழுத மறந்த தொகை. பையன் தங்கியிருந்த அறைக்குப் போய் விசாரித்தேன். ஊரை விட்டுப் போய்விட்டான் என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆண்டுதோறும் பரியூஷண நாளில் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்களுக்கு உண்டு. அவனிடம் கேட்க வழியில்லை.

குறி போட்டது தப்பா? இன்றும் யோசிக்கிறேன். குறியே போடாமல் கடன் வியாபாரம் செய்ய முடியாது. இரண்டு கிலோ அரிசி எடுத்தான் என்பது நடந்த செய்தி. அதை எழுதியிருக்கலாம். நான் எழுதியது செய்தி அன்று, ஆளை எழுதிவிட்டேன். பிறகு விசாரிக்க வேண்டிய வேலையைக் குறிப்பேடு எனக்காகச் செய்துவிட்டது.

இந்த விளையாட்டின் ஐம்பதாண்டு வரலாற்றைப் பார்த்தால், அவர்களும் இதே இடத்தில்தான் முட்டி மோதியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. நெறிச்சார்பே வேண்டாம் என்ற விளையாட்டுகள் 1970களின் பிற்பகுதியிலேயே வந்துவிட்டன. எனக்கு மிகவும் பிடித்தது 1985இல் கிரெக் ஸ்டாஃபோர்டு இயற்றிய பெண்டிராகன். ஆர்தர் மன்னன் கதைகளை அடிப்படையாகக் கொண்டது. அதில் ஒற்றைக் குறி கிடையாது, பதின்மூன்று இரட்டைகள். வாய்மைக்கு எதிர் வஞ்சகம், இரக்கத்துக்கு எதிர் கொடுமை, ஈகைக்கு எதிர் தன்னலம், அடக்கத்துக்கு எதிர் செருக்கு என்று இப்படி. ஒவ்வோர் இரட்டையின் கூட்டுத்தொகை எப்போதும் 20. இரக்கம் 12 என்றால் கொடுமை 8. இரக்கம் ஒன்று ஏறினால் கொடுமை ஒன்று இறங்கும். இரட்டைப் பதிவுக் கணக்கேதான்! ஒரு பக்கம் வரவு வைத்தால் மறுபக்கம் பற்று எழுதியாக வேண்டும். எவனும் முழு நல்லவன் இல்லை, எவனும் முழுக் கெட்டவன் இல்லை. நடத்தை மாற மாறத் தொகையும் மாறும். அந்த ஸ்டாஃபோர்டு என் மண்டிக்கு வந்திருந்தால் பேரேட்டையே ஒப்படைத்திருப்பேன்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸும் மெல்ல மெல்ல இறங்கி வந்தது. 1997இல் அதன் உரிமை விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற நிறுவனத்திடம் போயிற்று. 2008இன் நான்காம் பதிப்பில் ஒன்பதை ஐந்தாகக் குறைத்தார்கள். பழைய ஆட்டக்காரர்கள் ஒப்பவில்லை. 2014இன் ஐந்தாம் பதிப்பில் ஒன்பதும் திரும்பி வந்தன. ஆனால் பல் பிடுங்கின பாம்பாக வந்தன. சார்பு மாறினால் படி இறங்கும் தண்டனை இல்லை. பாலடினுக்கு இன்ன சார்புதான் என்ற கட்டாயம் இல்லை. அவன் ஏற்ற விரதமே அளவுகோல். தீமையைக் கண்டறியும் 60 அடி ஆற்றல் இன்னும் இருக்கிறது. ஆனால் அது பேய், பிணம், தேவர் போன்ற வேற்றுலக வகையைத்தான் காட்டும். எதிரே நிற்கும் மனிதன் நல்லவனா என்று காட்டாது. அதை ஆடுபவன்தான் பேசிப் பழகிக் கண்டுபிடிக்க வேண்டும்.

பிறவியிலேயே தீய இனம் என்று சிலவற்றை எழுதிவைத்தது, வெளியுலகில் மனிதக் கூட்டங்களைப் பழித்த பழைய பேச்சுகளை ஒத்திருக்கிறது என்ற குறை நெடுநாளாக இருந்தது. 2020இல் அந்நிறுவனமே அதை ஒப்புக்கொண்டு, ஓர்க், டிரௌ முதலிய இனங்களை மற்ற மக்களைப் போலவே பலவகைக் குணத்தினராகக் காட்டப்போவதாக அறிவித்தது. இதெல்லாம் விளையாட்டைச் சப்பென்று ஆக்கிவிட்டது என்று வருந்துகிறவர்களும் உண்டு. அவர்கள் கட்சியிலும் ஒரு நியாயம் இருக்கிறது. களைத்து வந்த பிள்ளைகள் ஒரு மாலைப்பொழுது அரக்கனை அரக்கன் என்று நம்பி வாள் வீச விரும்பினால், அதில் பெரிய பாவம் ஒன்றும் இல்லை.

சரணடைந்த அந்தக் கோப்ளினுக்கு வருகிறேன். அடுத்த ஞாயிறு பிள்ளைகள் வந்ததும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். 2014இன் அந்த அரக்கர் ஏட்டில் கோப்ளினுக்கு எதிரே நொதுமல்–தீமை என்றுதான் இருக்கிறது. பையன் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதே ஏட்டின் முன்னுரையில், குறித்திருக்கும் சார்பு பொதுவானதே, நடத்துநன் மாற்றிக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. முன்னுரையை யார் படிக்கிறார்கள்? பிறகு சீவகசிந்தாமணியில் சாகக் கிடந்த நாய்க்குச் சீவகன் ஐந்து நமஸ்கார மந்திரம் ஓதியதையும், அந்த நாய் சுதஞ்சணன் என்னும் தேவனானதையும் சொன்னேன். மகாவீரர் முற்பிறவியொன்றில் சிங்கமாக இருந்தபோது முனிவர் இருவர் உபதேசத்தால் தெளிவு பெற்ற கதையையும் சொன்னேன். "அப்போ கோப்ளினும் திருந்துமா தாத்தா?" என்றாள் அந்தப் பெண். "தெரியாதும்மா. இதுவரை என்ன செஞ்சதுன்னு மட்டும் எழுதி வை" என்றேன்.

அவிழ்த்துவிட்டார்கள். கோப்ளின் இரண்டு வாரம் அவர்களுடைய மூட்டை சுமந்தது. சுரங்கத்தில் ஒரு பொறியைக் காட்டிக்கொடுத்து இருவர் உயிரைக் காப்பாற்றியது. மூன்றாவது வாரம் ஒரு கயிற்றையும், இருந்த ரொட்டி முழுவதையும் எடுத்துக்கொண்டு இரவோடிரவாக ஓடிவிட்டது. பேரன் அப்படிக் கதையைக் கொண்டுபோனான்; நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய பையன் "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று குதித்தான். அந்தப் பெண், "கயிறுதானே எடுத்துச்சு, கத்தி எடுக்கலையே? நாம எல்லாரும் தூங்கிட்டுதானே இருந்தோம்?" என்றாள். வழக்கு இன்னும் முடியவில்லை. பொழுது சாய்வதற்குள் நான் சாப்பிட எழுந்துவிட்டேன். அவர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு தொடர்ந்தார்கள்.